அடி யார் மேல்

மாமல்லபுரத்தில் கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த ஒருவர் இணைய இணைப்பும் கொடுக்க ஆரம்பித்தபோது, அதைப் பார்த்துக்கொள்ள என்னை வேலைக்கு எடுத்தார். இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முன் சென்னையில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் வேலை பார்த்தேன். கல்யாணமாகி செங்கல்பட்டுக்கு வந்தபின் அவ்வளவு தூரம் போய்வர முடியாமல் விட்டுவிட்டேன். இது பக்கம். திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினால் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் ஊர் வந்துவிடும்.

ஆபீஸ் மாடியில் இரண்டு அறை. கீழே சிற்பக் கூடம். உளிச் சத்தம் பழகிவிடும், கல் அறுக்கும் மெஷின் சத்தம்தான் பழகாது. அதைவிடத் தூசி. ஜன்னலை எப்படி மூடினாலும் வெள்ளைத் தூசி உள்ளே வந்து சர்வரின் விசிறியில் மாவு மாதிரிப் படிந்திருக்கும். வாரம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ் வைத்துத் தட்டுவேன். மொட்டை மாடிகளில் நாங்கள் வைத்திருந்த பெட்டிகளுக்குள் உப்புக்காற்று புகுந்து எல்லாம் துருவேறும். அதற்கு லைன்மேன் ஒருவர் இருந்தார். ஐம்பது வயதுக்காரர். கேபிள் காலத்திலிருந்து முதலாளியோடு இருப்பவர்.

எங்களிடம் இணைப்பு வாங்கியிருந்தவர்கள் கோவிலுக்குப் போகும் தெருவில் இருந்த பிரவுசிங் சென்டர்கள், லாட்ஜுகள், சிலைகளைப் போட்டோ எடுத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏற்றுமதிக்காரர்கள், திருவிடந்தைப் பக்கம் ஆண்டெனா வைத்து இழுத்த ஒரு விடுதி, அப்புறம் கொஞ்சம் வீடுகள். இத்தனை பேருக்கும் சென்னையிலிருந்து ஒரே ஒரு லீஸ்டு லைன். வெளியுலகத்துக்கும் எங்களுக்கும் இடையே இருந்த ஒரே குழாய் அதுதான்.

ஒரு நாள் சாயங்காலம் அந்தக் குழாய் அடைத்துக்கொண்டது.

முதலில் எங்கேயோ வயர் அறுந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் லைன் உயிரோடு இருந்தது. லைன் வந்து சேரும் பெட்டியின் விளக்குகள் இமைக்காமல், நிறுத்தாமல் எரிந்தன. சென்னையில் எங்களுக்கு லைன் கொடுத்தவர்களின் ஆபீசுக்குப் போன் செய்தேன். எடுத்த இன்ஜினியர் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மேடம், உங்க லைன் ஃபுல். யாரோ வெளியிலேருந்து குப்பையை அனுப்பிட்டே இருக்காங்க. ஒரு இடத்துலேருந்து இல்ல, பல இடத்துலேருந்து."

"யாரு?"

"அது எப்படித் தெரியும்? உங்களுக்கு யாராவது வேண்டாதவங்க இருக்காங்களா?"

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு தானாகவே நின்றது. மறுநாள் அதே நேரத்தில் மறுபடி வந்தது. ஒரு நாள் விட்டு மறுபடியும். கடைக்குள் யாரையும் போகவிடாமல் வாசலில் கூட்டம் நின்று, எதுவும் வாங்காமல் விலை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தால் எப்படியோ அப்படி. பூட்டு உடையவில்லை, ஒரு பொருளும் திருட்டுப் போகவில்லை. ஆனால் கடை நடக்கவில்லை.

"இன்னாம்மா, போன் மேல போன் வந்துகினே கீது" என்று முதலாளி படியேறி வந்தார். "வெள்ளக்காரன் ஒருத்தன் மெயில் பாதியில பூட்ச்சுன்னு டேபிள தட்டிக் கத்துறானாம். இன்னா சொல்றது அவனுக்கு?"

நடப்பதைச் சொன்னேன். கேட்டு முடிக்கும் முன்பே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"அவன்தாம்மா. வேற எவன்?"

அவன் என்றால் ஊரின் தெற்குப் பக்கம் கேபிள் நடத்திய இன்னொருவர். இருவருக்கும் பழைய பகை. ஒருவர் வயரை ஒருவர் அறுப்பது, கம்பத்தில் இருக்கும் பெட்டியைக் கழற்றிப் போவது எல்லாம் நான் சேரும் முன்பே நடந்திருந்தன. அவரும் இப்போது இணையம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்.

"வயரைக் கட்டிங் பிளேயர் வச்சு அறுக்கறவங்க செய்யற வேலை இல்லண்ணா இது" என்றேன்.

"அவனுக்குத் தெரியாட்டி இன்னா? ஆள் வச்சி செய்வான். டப்பு கீது அவனாண்ட."

இல்லை என்று நான் சொன்னாலும், அன்று பஸ்ஸில் திரும்பும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஆள் வைத்துச் செய்யலாமே. போதாததற்கு, இரண்டு நாள் கழித்து பஸ் நிலையத்தில் ஒரு நோட்டீஸ் என் கைக்கு வந்தது. 'தடங்கல் இல்லாத இணையம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே அந்தத் தெற்குப் பக்கத்துக்காரரின் போன் எண். தடங்கல் நமக்கு வருகிறது என்று அவருக்கு யார் சொன்னது? லைன்மேனின் மச்சான் அங்கே வேலை பார்ப்பது எனக்குத் தெரியும். அதன்பின் லைன்மேன் அறைக்குள் வந்தால் கணினித் திரையைச் சின்னதாக்கிவிட ஆரம்பித்தேன். அவர் அதைக் கவனித்தார். டீ வாங்கி வந்தால் முன்பெல்லாம் என் மேஜையில் வைப்பவர், வாசலருகே ஸ்டூலில் வைத்துவிட்டுப் போனார்.

என்னையும் ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் சித்தி மகள் கல்யாணம் அச்சரப்பாக்கத்தில். அதற்காக இரண்டு நாள் லீவு எடுத்தேன். திரும்பி வந்ததும் முதலாளி நேராகக் கேட்டார்.

"ரெண்டு நாளும் நெட்டு ஜம்முனு ஓட்ச்சிம்மா."

"நல்லதுண்ணா."

"நல்லதுதான். நீ இருந்தா பூடுது. நீ இல்லாட்டி நிக்குது. அத்தான் இன்னான்னு புர்ல."

குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது. அவருக்கு நான் பேசும் விஷயத்தில் ஒரு சொல்லும் புரியாது. என்னை நம்பித்தான் ஆக வேண்டும், ஆனால் எதை வைத்து நம்புவார்? அன்று சாயங்காலம் மறுபடி அடி விழுந்தது. நான் வந்த அன்றே. அறை வாசலில் லைன்மேன் நின்று என் விரல்கள் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி நிற்கச் சொல்லியிருக்கிறார். திரையைச் சின்னதாக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் பக்கத்தில் எதைத் தடுத்தும் பயனில்லை. குப்பையை என் வாசலில் நிறுத்தி உள்ளே விடாமல் செய்யலாம். ஆனால் தெருவே அடைத்துக் கிடந்தால் வாசலில் காவல் நின்று என்ன ஆகப்போகிறது? தடுப்பதென்றால் தெருவின் அந்த முனையில், சென்னையில் தடுக்க வேண்டும். இன்ஜினியரிடம் கேட்டேன்.

"எந்த ஐ.பி. முகவரிக்குக் குப்பை வருதோ அதைச் சொல்லுங்க, நான் இங்கேயே கொட்டிடறேன். ஆனா அந்த முகவரி செத்த மாதிரி மேடம். அதுல இருக்கற யாருக்கும் ஒண்ணும் வராது."

எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் வெளியே இணையத்தில் ஒரே முகவரியில்தான் தெரிந்தார்கள். ஒரே கதவு எண்ணில் ஊரே குடியிருக்கிற மாதிரி. அதைக் கொன்றால் எல்லோரும் செத்தார்கள். ஆனால் கையிருப்பில் இன்னும் சில முகவரிகள் இருந்தன. வாடிக்கையாளர்களை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை ஒரு புது முகவரிக்கு மாற்றினேன். பாதிப் பேராவது பிழைக்கட்டும் என்றுதான் செய்தேன். வேறு யோசனை அப்போது இல்லை.

அன்று அடி விழுந்தது புது முகவரி மேல்.

நான் அதைத் திறந்து சில மணி நேரம்தான் ஆகியிருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. உள்ளேயிருந்து யாரோ சொல்கிறார்கள் என்றால், மாற்றியது தெரிந்தவள் நான் ஒருத்திதான். முதலாளி சந்தேகப்படுவது சரியாகிவிடும் போலிருந்தது.

அந்தப் பாதியை மறுநாள் மறுபடி இரண்டாக வெட்டினேன். ஒரு பங்குக்கு இன்னொரு முகவரி. சாயங்காலம் அடி அதில் ஒன்றின் மேல் மட்டும் விழுந்தது. அதையும் வெட்டினேன். ஒவ்வொரு முறையும் ஒரு துண்டின் மேல் மட்டும், சரியாகத் தேடி வந்து விழுந்தது. அப்போதுதான் புரிந்தது. அடி முகவரியைத் தேடி வரவில்லை, ஆளைத் தேடி வருகிறது. எங்கள் வாடிக்கையாளர்களில் யாரோ ஒருவர் வெளியே போய் யாரையோ பகைத்துக்கொண்டிருக்கிறார். அவரை அடிக்கிறார்கள். அவர் இருக்கும் ஊருக்கே சேர்த்து விழுகிறது.

முதலாளியிடம் சொன்னேன். நம்பவில்லை.

"அப்ப அவன் இல்லன்றியா?"

"தெற்குப் பக்கத்துக்காரர் இல்லண்ணா. ஊரே புலம்பறதைக் கேட்டுட்டு நோட்டீஸ் போட்டிருப்பார். நம்ம கஸ்டமர்ல ஒருத்தர்."

"நம்ம கஸ்டமரே நம்மள அடிக்கிறானா?"

"இல்ல. அவங்க அடி வாங்கறாங்க."

அவர் கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றார். "எவன்னு கண்டுபுடி. வயர புடுங்கி வுட்டா முடிஞ்சிது. ஒருத்தனால ஊருக்கே பேஜாரு."

அதன்பின் நான்கைந்து நாள் என் புத்தி போன போக்கை இப்போது நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது. மதிய சாப்பாட்டுக்கு வெளியே போகும்போது ஒவ்வொரு பிரவுசிங் சென்டருக்குள்ளும் எட்டிப் பார்ப்பேன். சடை முடி வெள்ளைக்காரன் ஒருவன் தினமும் ஒரே மூலையில் உட்கார்வான், அவனோ? ஒரு ஏற்றுமதிக்காரர் பிள்ளையார் சிலை விஷயத்தில் யாரோ ஜெர்மன்காரரோடு தகராறு என்று சொல்லியிருந்தார், அவரோ? சிரித்துப் பேசுகிறவர் ஏன் சிரிக்கிறார், பேசாதவர் எதை மறைக்கிறார். ஆனால் அடி அவர்கள் இருந்த துண்டில் விழவேயில்லை. பிரவுசிங் சென்டர்கள் ஒவ்வொன்றாக விலகின. லாட்ஜுகள் விலகின. வீடுகள்தான் மிஞ்சின. அதிலும் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு தெரு. அந்தத் தெருவிலும் கடைசியில் ஒரே வீடு.

தேசிய வங்கி ஒன்றில் அதிகாரியாக இருந்தவரின் வீடு அது. இணைப்பு அவர் பெயரில். மாசம் தவறாமல் பணம் கட்டுகிறவர்.

"புடுங்கிடு" என்றார் முதலாளி.

"ஒரு நாள் குடுங்கண்ணா. என்னன்னு பார்த்துட்டு வந்துடறேன்."

லைன்மேனையும் கூட்டிக்கொண்டு போனேன். வயர் சோதிக்க வந்ததாகச் சொல்வது என்று பேசிக்கொண்டோம். கதவைத் திறந்தவர் அதிகாரி. அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும், சட்டையைக் கழற்றாமல் நின்றார்.

"தெருவுல எல்லா வீட்டுக்கும் பார்க்கறீங்களா?"

"இல்ல சார், உங்க லைன்ல மட்டும் கொஞ்சம்..."

"ஏன் எங்க லைன்ல மட்டும்?"

கேள்வி என்னிடம் வந்தது, ஆனால் அவர் பார்வை உள்ளே திரும்பியது. அங்கே அவர் மனைவி நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகியபடி என்னையே பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது பயம் என்று எனக்குத் தெரிந்தது. எதற்குப் பயம் என்றும் நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். ஊரில் எல்லோரும் கட்டும் கதைதான்.

கணினி ஹாலில், துணி போட்டு மூடியிருந்தது. பையனுக்காக வாங்கியது, அவன் இன்ஜினியரிங் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டான் என்றார் அதிகாரி. "நான் தொடறதே இல்ல. இவதான் பையனுக்கு மெயில் போடுவா." நான் அதைத் திறந்தேன். திரையில் அரட்டை அறைக்குப் போகும் புரோகிராமின் படம் இருந்தது. அடி விழுந்த நேரமெல்லாம் சாயங்காலம். அதிகாரி வீடு திரும்புவதற்கு முன்.

அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். "என்ன பிராப்ளம்?"

"மேல ஜாயிண்ட்ல ஈரம் இறங்கியிருக்கு சார். மாத்திடறோம்" என்றேன். லைன்மேன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, "ஆமா சார், உப்புக்காத்து" என்று ஏணியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். இல்லாத ஈரத்துக்காக அரை மணி நேரம் அங்கே உட்கார்ந்து நல்ல வயரைப் பிரித்துக் கட்டினார். இறங்கி வரும் வழியில் அவரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். அவரே பேச்சை எடுத்தார்.

"அந்த அம்மா பாவம் போல கீதும்மா. அந்தாளு முழிய பாத்தியா?"

மறுநாள் முற்பகல் அந்த அம்மா ஆபீஸுக்கு வந்தார். காய்கறிப் பை, குடை. படியேறி வந்த மூச்சு அடங்கும் முன், "நேத்து ஏன் வந்தீங்க? ஈரம்லாம் இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

சொன்னேன். ஒவ்வொரு துண்டாக வெட்டி அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்ததை எல்லாம். முகம் மாறாமல் கேட்டுவிட்டு, "நான் உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்" என்றார்.

"என்னையா?"

"உங்க ஆபீஸ்ல யாரோ அவனுக்கு ஆள்னு நெனச்சேன். இல்லாட்டி நான் எந்த ஊர்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

பையனுக்கு மெயில் போடக் கற்றுக்கொண்டவர், ஒரு நாள் தமிழர்கள் கூடும் அரட்டை அறை ஒன்றைக் கண்டுபிடித்திருக்கிறார். அங்கே பேச்சு பிடிக்காமல் தனியாக ஒரு அறை திறந்தார். சொல் விளையாட்டு. ஒருவர் ஒரு சொல் சொன்னால், அதன் கடைசி எழுத்தில் அடுத்தவர் சொல்ல வேண்டும், ஒருமுறை வந்த சொல் மறுபடி வரக்கூடாது. அப்புறம் விடுகதை. தமிழை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும், ரகரமா றகரமா என்று அதிலேயே சண்டை வரும். துபாயில் லாரி ஓட்டுகிறவர், அமெரிக்காவில் படிக்கிற பையன், சிங்கப்பூரில் ஒரு நர்ஸ், கோயம்புத்தூர் கல்லூரிப் பெண் ஒருத்தி. ஐந்து மணிக்குத் திறந்தால் காத்துக்கொண்டு நிற்பார்கள். போட்டோ கேட்கக் கூடாது, போன் நம்பர் கேட்கக் கூடாது. அவர் போட்ட சட்டம் இது இரண்டுதான்.

ஒருவன் கேட்டான். தனியாகக் கேட்டான், பிறகு நச்சரித்தான், பிறகு அசிங்கமாக எழுதினான். அவர் எல்லோர் முன்னிலையிலும் அவனை வெளியேற்றிக் கதவைச் சாத்தினார். 'மாமல்லபுரத்துல இருந்துகிட்டு இவ்வளவு திமிரா, இனிமே ரூமை எப்படி நடத்தறேன்னு பார்க்கிறேன்' என்று எழுதிவிட்டுப் போனான். அதற்கப்புறம்தான் சாயங்காலங்களில் இணைப்பு அறுந்தது.

"நம்ம ஆபீஸ்ல யாரும் சொல்லலை" என்றேன். "அந்த அறையில யார் இருந்தாலும் உங்க முகவரி என்னன்னு பார்க்க முடியும். அதை வச்சு ஊரைக் கண்டுபிடிக்கலாம்."

"யார் இருந்தாலுமா?" கொஞ்சம் யோசித்தார். "அவனைத்தான் வெளிய தள்ளிட்டேனே. அப்புறமும் எப்படிப் பார்த்தான்?"

நான் அதுவரை யோசிக்காத கேள்வி. எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான் இருந்தது. அவன் உள்ளேதான் இருக்கிறான், வேறு பெயரில்.

அவர் குடையின் கைப்பிடியை ஒவ்வொரு விரலாகத் தட்டிக்கொண்டிருந்தார். அந்த அறைக்கு வருகிற ஒவ்வொருவரையும் மனதில் கூப்பிட்டு விசாரித்திருப்பார். நான் எங்கள் தெருக்களில் செய்த அதே வேலை.

அவர் சில நாளைக்கு அறையை மூடி வைப்பதுதான் எங்களுக்கு எளிது. அதைச் சொல்லவும் சொன்னேன். "நான் என்ன தப்புப் பண்ணேன், மூடறதுக்கு?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அவர் அச்சரப்பாக்கம் கல்யாணம் நடந்த அதே முகூர்த்தத்தில் காஞ்சிபுரத்தில் வேறொரு கல்யாணத்துக்குப் போயிருந்தார் என்பதும் அன்றைய பேச்சில் வெளிவந்தது. அதனால்தான் அந்த இரண்டு நாளும் அடி இல்லை. இதை முதலாளி காதில் விழும்படி இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "சர்தாம்மா, சர்தாம்மா" என்றார். எனக்குக் கிடைத்த மன்னிப்பு அவ்வளவுதான்.

அமெரிக்காவில் படிக்கிற பையன் தன் பல்கலைக்கழகக் கணினி ஒன்றில் அவருக்கு இடம் தருவதாக முன்பே சொல்லியிருந்தானாம். அதன் வழியாகப் போனால் வெளியே அந்த முகவரிதான் தெரியும். எங்கள் ஊர் தெரியாது. அங்கே இருக்கும் குழாய் கடல் மாதிரி, எவ்வளவு கொட்டினாலும் தாங்கும்.

"அவனே இவனா இருந்தா?" என்றார் அந்த அம்மா.

எனக்கும் அதே சந்தேகம்தான். உதவ வருகிறவன்மேல்தான் முதலில் சந்தேகம் வருகிறது. வேறு வழியும் இருக்கவில்லை. அவர் அந்த வழியாகப் போக ஆரம்பித்தார். நாங்கள் சாயங்காலமானால் விளக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. ஒரு வாரம் போனது. பிரவுசிங் சென்டர்காரர்கள் முகத்தில் பழைய சிரிப்பு திரும்பியது.

என்னைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. அந்த அம்மாவுக்கு முடியவில்லை.

"யாரு சொல் சொன்னாலும் இவனா இவனான்னு தோணுது. விளையாடவே முடியலை" என்று போனில் சொன்னார். பிறகு, "நீங்க வீடுகளைப் பிரிச்சீங்களே, அந்த மாதிரி ஆட்களைப் பிரிச்சா என்ன?" என்றார்.

திட்டம் அவருடையது. அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் மட்டும் தனித்தனியாகச் சொல்வார்: இனிமேல் இந்தப் புதுப் பெயரில் வருகிறேன், வேறு யாருக்கும் சொல்லாதே. அந்தப் புதுப் பெயரில், எங்கள் ஊர் முகவரியிலேயே, மறைக்காமல், ஆனால் அறைக்கு வெளியே போய் உட்காருவார்; பெயர் தெரிந்தவர்கள் மட்டும்தான் தேடி அந்த முகவரியைப் பார்க்க முடியும். அடி விழுந்தால் அந்தப் பாதியில் அவன் இருக்கிறான். விழாவிட்டால் மற்ற பாதி. ஆனால் விழுந்தால் ஊருக்கே விழும். முதலாளியிடம் அனுமதி கேட்கத் தயங்கித் தயங்கிப் போனேன். முழுக்கக் கேட்டார்.

"மதியானத்துல செய். வெயில்ல ஒரு பய வரமாட்டான் நெட்டுக்கு" என்றவர், தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "எனக்கும் தெரியணும்மா, எவன் அவன்னு."

அப்படிச் சில மதியங்கள். மதியம் வருவதாக முன்பே சொல்லிவைத்துவிட்டு அந்த அம்மா தன் வீட்டிலிருந்து, நாங்கள் ஆபீஸிலிருந்து, இடையில் போன். முதல் பாதியில் அடி விழுந்தது. விளக்குகள் நிற்காமல் எரிந்தபோது முதலாளி எழுந்து நின்றேவிட்டார். அமெரிக்கப் பையன் மற்ற பாதியில் இருந்தான், அவன் தப்பித்தான். அடுத்த முறை வேறு பெயர், இன்னும் குறைவான ஆட்கள். லாரி ஓட்டுகிறவர் விலகினார். நர்ஸ் விலகினார். கடைசியில் ஒரே ஒருத்தரிடம் மட்டும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு அவர் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். கீழே சாப்பாட்டு நேரம் என்பதால் உளிச் சத்தம் இல்லை.

அடி விழுந்தது.

முதலாளி போனை என் பக்கம் தள்ளினார்.

"யாருங்க?" என்றேன்.

"கோயம்புத்தூர்ப் பொண்ணு" என்றார்.

அவரை அம்மா என்று கூப்பிடுகிறவள். ஒவ்வொரு முறை இணைப்பு அறுந்த பிறகும், 'என்னாச்சும்மா, திடீர்னு காணோம், பயந்துட்டேன்' என்று முதலில் மெயில் அனுப்புகிறவள். பரீட்சைக்கு முந்தின நாள் ஆசீர்வாதம் கேட்டவள். அப்படி ஒரு பெண்ணே இல்லை.

இணைப்பு திரும்பியதும் அவர் அந்தப் பெண்ணின் பெயருக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினார். வெளியேற்றப்பட்டவனின் பழைய பெயரை மட்டும் எழுதினார், வேறொன்றும் இல்லை. பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணின் பெயர் அறையிலிருந்து மறைந்தது. அந்தப் பெயர் வந்த முகவரியைக் குறித்துக்கொண்டு, அது எந்தக் கம்பெனியுடையதோ அவர்களுக்கு நான் நீளமாக ஒரு புகார் எழுதினேன். 'பெற்றுக்கொண்டோம்' என்று ஒரு பதில் வந்தது. அவன் யார், எந்த ஊர், என்ன வயது, எதுவும் எங்களுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் வேறு யார் யாரோ அடித்தார்கள், வைரஸ் பிடித்த கணினிகள் ஊரையே படுக்க வைத்த நாட்களும் உண்டு. ஆனால் அவன் வரவில்லை.

முதலாளி தெற்குப் பக்கத்துக்காரரிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தபோது மட்டும், எப்போதும் போல் கிழித்துப் போடாமல், போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். லைன்மேன் டீயை மறுபடி என் மேஜையில் வைக்க ஆரம்பித்தார்.

சில வாரம் கழித்து வங்கி அதிகாரி ஆபீஸுக்கு வந்தார். தனியாக. என் எதிரில் உட்கார்ந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"எங்க வீட்ல ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் நெட் யூஸ் ஆகுது, எந்தெந்த நேரத்துலன்னு பார்க்க முடியுமா?"

"அதெல்லாம் நாங்க குறிச்சு வைக்கறதில்ல சார்."

"கனெக்ஷன் என் பேர்லதான் இருக்கு."

"ஆமா சார். ஆனா குறிக்கறதில்ல."

என்னை அவர் நம்பவில்லை. நம்பும்படி நான் சொல்லவும் இல்லை. என் திரையில் அவர் வீட்டு இணைப்பின் நேரக் கணக்கே ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போகும்போது படியில் ஒரு நொடி நின்று திரும்பிப் பார்த்தார்.

அந்த அம்மாவுக்குப் போன் செய்து எச்சரிப்பதா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். அதற்குள் அவரே கூப்பிட்டார்.

"வீட்டுக்காரர்கிட்ட நானே சொல்லிட்டேன்" என்றார்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். அவன் எழுதினது, நெட் போனது, நீங்க வந்தது. அப்புறம் ரூமைத் திறந்து காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டு பக்கத்துல உக்காந்தார். பார்த்துட்டே இருந்தார். துபாய்க்காரர் ஒரு சொல் சொன்னார், நான் ஒண்ணு சொன்னேன், நர்ஸ் ஒண்ணு. கொஞ்ச நேரம் கழிச்சு, 'இதுக்கா?'ன்னார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். நியூஸ் பார்க்கப் போயிட்டார்."

சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை. போனில் பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"சரி, வைக்கறேன்" என்றார். "அஞ்சு மணி ஆகப் போகுது, காத்துட்டிருப்பாங்க."